அவர் தோற்க வேண்டும் என்று விரும்பினேன்

மார்க் காவெண்டிஷ் தோற்க வேண்டும் என்று நான் விரும்பினேன். ஏதோ ஒரு பந்தயத்தில் மட்டும் இல்லை. வருடக்கணக்காக, எல்லாப் பந்தயங்களிலும். அவர் ஐல் ஆஃப் மேன் என்ற பிரிட்டிஷ் தீவுக்காரர். நான் புதுச்சேரிக்காரன். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. அவரால் எனக்கு ஒரு காசு நட்டமில்லை. அப்படியிருந்தும் அவர் கீழே விழும்போதெல்லாம் என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளைப்பாறியது. அது என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். அதைத்தான் எழுதப்போகிறேன்.

சைக்கிள் பந்தயம் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தூர் த பிரான்ஸ் (சுருக்கமாக தூர்) என்பது 21 கட்டங்களாக மூன்று வாரம் ஓடும் பந்தயம். ஒவ்வொரு நாளும் ஒருவர் ஜெயிப்பார். மொத்த நேரக் கணக்கில் கடைசியில் ஒருவர் ஜெயிப்பார். மலை ஏறுகிறவர்கள் ஒரு சாதி என்றால் ஸ்பிரிண்டர்கள் இன்னொரு சாதி. 180, 200 கிலோமீட்டர் கூட்டத்துக்குள் ஒளிந்து வந்து, கடைசி 200 மீட்டரில் உயிரைக் கொடுத்து மிதிப்பவர்கள். முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்றின் பாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும். அதனால் அணித் தோழர்கள் ஒருவர் பின் ஒருவராக இழுத்துக் கொடுப்பார்கள். கடைசி ஆள் விலகியதும் ஸ்பிரிண்டர் வெளியே பாய வேண்டும். வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொடும். இரண்டு பக்கமும் தோள்கள் உரசும். அங்கே அரை நொடி யோசித்தவன் தோற்றவன்.

காவெண்டிஷ் 1985இல் பிறந்தவர். குள்ளம்; ஹேண்டில்பார் மேல் மூக்கு படும் அளவுக்குக் குனிந்து ஓட்டுவார். 2008இல் ஷாத்தூரூ என்ற ஊரில் தூர் த பிரான்ஸின் ஒரு கட்டத்தை முதன்முதலாக ஜெயித்தார். 2009இல் மட்டும் ஆறு. 2011இல் புள்ளிக் கணக்கில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டை, அதே வருடம் கோபன்ஹேகனில் உலகப் பட்டம். 2016 முடிந்தபோது அவர் கணக்கில் 30 கட்ட வெற்றிகள் இருந்தன. பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் வைத்திருந்த சாதனை 34.

அந்த 34தான் எங்கள் வீட்டுக்குள் இருந்த எண். என் பெரியப்பா பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் அவர்களை சொல்தா என்போம். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையின் போர் நினைவிடத்துக்குப் போய்வருவார். அந்த மாதம் முழுக்க அவருக்குத் தூர் பந்தயத்தைத் தவிர வேறு பேச்சே கிடையாது. பந்தயம் பாரிஸின் ஷான்ஸெலிஸேயில் முதன்முதலாக முடிந்த 1975ஆம் வருடம் அவர் பிரான்சில் இருந்தார். அந்த வருடம் மெர்க்ஸ், பிரெஞ்சுக்காரர் தெவெனேயிடம் தோற்றார். பெரியப்பா மெர்க்ஸை விட்டுக்கொடுக்கவே இல்லை. "அந்தாள தாண்டறதுக்கு ஒருத்தன் பொறந்து வரணும்" என்பார். எனக்கு முதல் ரேஸ் சைக்கிள் வாங்கித் தந்ததும் அவர்தான்.

நான் ஓட்டினேன். நன்றாகவே ஓட்டினேன். கல்லூரி நாட்களிலும் அதற்குப் பிறகும் எங்கள் பக்கத்துப் பந்தயங்களில் கடைசி 200 மீட்டர் என்னுடையது. முப்பதைத் தாண்டி கொஞ்ச நாளில் விட்டுவிட்டேன். முழங்கால் வலி என்று எல்லோரிடமும் சொன்னேன். வீட்டிலும் அதையே சொன்னேன். முழங்கால் வலித்தது உண்மை. ஆனால் ஓட்ட முடியாத அளவுக்கு வலிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மீசை முளைக்காத ஒரு பையன் கடைசி ஐம்பது மீட்டரில் என்னைத் தாண்டிப் போனான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனுக்கு நான் யாரென்றே தெரியாது. அதற்கப்புறம் என்னால் கோட்டில் போய் நிற்க முடியவில்லை. மறுபடியும் அவனிடம் தோற்பேனோ என்ற பயம். அதற்கு வயசு என்று பெயர் வைத்தேன். "ஸ்பிரிண்ட் எல்லாம் வயசுப் பசங்க வேலை, நமக்கு ஒரு மரியாதை இருக்கும்போதே ஒதுங்கிடணும்" என்று அடுத்தவர்களுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது தத்துவமாகிவிட்டது.

அந்தத் தத்துவத்துக்குக் காவெண்டிஷின் சரிவு நல்ல சாட்சியாக வந்து சேர்ந்தது. 2017இல் எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்று கண்டுபிடித்தார்கள். உடம்பின் தெம்பை மாதக்கணக்கில் உறிஞ்சும் நோய். அது முழுதாகத் தணியுமுன் தூர் போனவர் வித்தெல் ஊரில் பீட்டர் சாகன் என்ற வீரரோடு மோதி விழுந்து தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார். 2018இல் ஆல்ப்ஸ் மலையில் கால அவகாசத்துக்குள் வர முடியாமல் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டார். அதே வருட ஆகஸ்டில் வைரஸ் மறுபடியும் தெரிந்தது. மன அழுத்த நோய் என்றும் மருத்துவர்கள் கண்டார்கள். இரண்டாவது விஷயத்தை அவர் பின்னால்தான் வெளியே சொன்னார். 2019இல் அவர் அணியே தூருக்கு அவரை எடுக்கவில்லை. ஒவ்வொரு செய்தியையும் நான் நண்பர்களுக்கு அனுப்பினேன். அடியில் "சொன்னேன்ல?" என்று ஒரு வரி.

இதோடு நின்றிருந்தால் இது எனக்கும் என் கைப்பேசிக்கும் இடையிலான அற்பத்தனமாகப் போயிருக்கும். நிற்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு அண்ணன் இருக்கிறார். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சைக்கிள் கடை. வீல் கோட்டம் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ரிம்மைச் சுழலவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்திலேயே எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். என்னைவிட மூத்தவர். நான் ஓட்டிய காலத்தில் என்னை மதித்து எனக்கு இழுத்துக் கொடுத்தவர். நான் ஒதுங்கியபின் தானே ஸ்பிரிண்ட் ஓட்ட ஆரம்பித்தவர். நான் விட்ட வயதையும் தாண்டி அவர் தொடங்கினார், ஜெயிக்கவும் ஜெயித்தார். அப்போதே எனக்குள் உறுத்தல் இருந்தது. கைகொடுத்து வாழ்த்தினேன், அந்தக் கையில் உயிர் இல்லை.

பிறகு ஒரு நாள் கோட்டக்குப்பம் தாண்டி, நின்றிருந்த வேன் ஒன்றின் கதவு திடீரென்று திறந்ததில் அடித்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது; பிளேட் வைத்தார்கள். நீண்ட காலம் படுக்கை. எழுந்த பிறகும் கடையைத் திறக்காமல் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார் என்று அண்ணி சொன்னார். ஒருமுறைதான் போய்ப் பார்த்தேன். பிறகு மெல்ல மெல்ல விடிகாலையில் சைக்கிளை எடுத்தார். முதலில் கடற்கரை வரை. அப்புறம் காலாப்பட்டு. பிறகு மரக்காணம் போய்த் திரும்பினார். இதெல்லாம் எனக்கு மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது.

2020 பொங்கலை ஒட்டி ஒரு பந்தயம் வைத்தோம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், சின்ன அளவில், ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துவது. பெயர் பதிவு என் பொறுப்பு. அண்ணன் ஓப்பன் பிரிவுக்குப் பெயர் கொடுத்தார். கடைசியில் ஸ்பிரிண்டில் முடியும் பிரிவு அது. நான் கடைக்கே போனேன்.

"அண்ணே, மூத்தோர் பிரிவுல ஓட்டுங்க இந்த வருஷம். ஓப்பன்ல பசங்க கண்ணுமண்ணு தெரியாம வருவானுங்க. மறுபடி விழுந்துட்டீங்கன்னா?"

"நான் பார்த்துக்கறேன் தம்பி. பேரு அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

குழுக் கூட்டத்தில் அவர் பெயர் வந்தபோது, "டாக்டர் வேணாம்னு சொல்லியிருக்காராம்" என்றேன். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. அவர் என்னிடம் டாக்டரைப் பற்றிப் பேசவே இல்லை. அந்தப் பொய் யோசிக்காமல் வாயில் வந்தது. யாரும் மறுக்கவில்லை, அக்கறையாகத்தானே பேசுகிறேன் என்று நினைத்தார்கள். நானே பேனாவால் அவர் பெயரை அடித்தேன். பந்தயத்தன்று அவர் வரவில்லை. மூத்தோர் பிரிவிலும் ஓட்டவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பந்தயத்துக்கும் அவர் பெயர் கொடுக்கவில்லை.

அந்த அக்டோபரில் பெல்ஜியத்தில் கென்ட்–வெவெல்ஹெம் பந்தயம் முடிந்ததும் காவெண்டிஷ் கேமரா முன் அழுதார். இதுவே தன் கடைசிப் பந்தயமாக இருக்கலாம் என்றார். அடுத்த வருடத்துக்கு அவரிடம் ஒப்பந்தம் இல்லை. அந்தக் காணொளியை நான் மறுபடி மறுபடி பார்த்தேன். வருத்தப்பட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். எனக்கு ஆறுதலாக இருந்தது. அண்ணனின் பெயரை அடித்தது சரிதான் என்று ஒரு பெரிய ஆள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது.

காவெண்டிஷின் பழைய அணியின் தலைவர் பாத்ரிக் லெஃபெவர் அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். குறைந்தபட்சச் சம்பளம். அதற்கும் காவெண்டிஷ் தானே ஒரு விளம்பரதாரரைத் தேடிக் கொண்டுவர வேண்டியிருந்தது. உலகப் பட்டம் வென்றவர், முப்பது கட்டங்கள் ஜெயித்தவர், அந்த நிபந்தனைக்குத் தலையாட்டினார். மரியாதை இருக்கும்போதே ஒதுங்க வேண்டும் என்று நான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே நாட்களில்.

2021 ஏப்ரல் 12, துருக்கியில் கொன்யா என்ற ஊர். அங்கே ஜெயித்தார். முந்தைய வெற்றி 2018 பிப்ரவரியில், துபாயில். இடையில் 1,159 நாட்கள். துருக்கியில் மட்டும் நான்கு கட்டங்கள் ஜெயித்தார். சின்னப் பந்தயம், பெரிய ஆட்கள் இல்லை என்று நான் ஒதுக்கினேன். அணியின் முதல் ஸ்பிரிண்டர் சாம் பென்னட்டுக்கு முழங்கால் கோளாறு வந்ததால், கடைசி நேரத்தில் காவெண்டிஷை தூருக்கு அழைத்துப் போனார்கள்.

பிரான்சில் மாலை ஐந்தரை என்றால் நமக்கு இரவு ஒன்பது. கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்துகொண்டிருந்த நேரம். ஜூன் 29 இரவு சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன். ஃபூஜேர் ஊர். கடைசி நேர்ச்சாலையில் காவெண்டிஷ் வெளியே பாய்ந்து கோட்டைத் தொட்டார். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஒரு தூர் வெற்றி. தரையில் உட்கார்ந்து அழுதார். அணித் தோழர்கள் ஒவ்வொருவராக வந்து கட்டிக்கொண்டார்கள். ஜூலை 1 அன்று ஷாத்தூரூ. முதன்முதலாக ஜெயித்த அதே ஊர். ஜூலை 6 வாலான்ஸ். ஜூலை 9 கார்கசோன். மிகேல் மொர்கோவ் என்ற டென்மார்க்காரர் நிதானமாக இழுத்துக் கொடுத்த விதத்தை இன்னும் மறக்க முடியவில்லை; அண்ணன் எனக்கு இழுத்துக் கொடுத்ததும் அப்படித்தான். மெர்க்ஸின் 34 சமமாயிற்று. பத்து வருடம் கழித்து மறுபடியும் பச்சைச் சட்டை.

நான் என்ன செய்தேன்? அந்தப் பந்தயத்தின் மூன்றாம் வாரத்தில், சைக்கிள் சரியில்லை என்று காவெண்டிஷ் தன் அணி மெக்கானிக்கிடம் கத்துகிற காணொளி ஒன்று வந்தது. பின்னர் அவர் மன்னிப்புக் கேட்டார். கார்கசோனை யாருக்கும் அனுப்பாத நான், இதை எல்லோருக்கும் அனுப்பினேன். "பாருங்க இவர் லட்சணத்தை" என்று எழுதினேன். ஒரு நண்பன் மட்டும் பதில் போட்டான்: "உனக்கு அவர்மேல என்னப்பா கோவம்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரவு முழுக்கத் தேடினேன். பெரியப்பாவின் மெர்க்ஸுக்காக என்று சொல்லிப் பார்த்தேன். பொய். பெரியப்பா இருந்திருந்தால் கார்கசோனில் எழுந்து நின்று கைதட்டியிருப்பார். அவர் சைக்கிளை நேசித்தவர். எனக்கு காவெண்டிஷ்மேல் கோபமே இல்லை. வயதாகிவிட்டது, உடம்பு கெட்டுவிட்டது, மனசு உடைந்துவிட்டது, இனி முடியாது என்று எல்லாக் காரணமும் கையில் இருந்தும் அதில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளாமல் கோட்டில் போய் நின்றாரே, அதுதான் என்னைக் குத்தியது. அவர் ஜெயித்தால் என் முழங்கால் பொய்யாகிவிடும். அண்ணன் ஓப்பனில் ஓட்டியிருந்தாலும் பொய்யாகியிருக்கும். அவர் ஜெயித்திருக்கக்கூட வேண்டாம். கூட்டத்தோடு சேர்ந்து கடைசிவரை வந்திருந்தாலே போதும்.

மற்றவர்களும்தான் காவெண்டிஷ் முடிந்தார் என்றார்கள், பெரிய பெரிய ஆட்கள் எழுதினார்கள் என்று நான் தப்பிக்கலாம். அவர்கள் வயதையும் நேரத்தையும் பார்த்துக் கணக்குப் போட்டார்கள்; கணக்கு தப்பியது. நான் கணக்குப் போடவில்லை, ஆசைப்பட்டேன். என் பேச்சு எடுபடக்கூடிய ஒரே இடத்தில், ஒரு சின்ன ஊர்ப் பந்தயத்தின் பெயர்ப் பட்டியலில், அந்த ஆசையை நிறைவேற்றியும் கொண்டேன். லெஃபெவர் போன்ற ஒருவர், கறாரான பேர்வழியாக இருந்தும், "வா, வந்து நில்" என்றார். அந்த வார்த்தை சொல்லப்படாவிட்டால் கொன்யா இல்லை, ஃபூஜேர் இல்லை. எங்கள் ஊரில் அதைச் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

இவ்வளவும் புரிந்தபிறகும் அண்ணனிடம் போகவில்லை. அதுவும் என் குற்றத்தில் சேர்த்திதான். சந்து வழியாகப் போக நேரும்போது கடை இருக்கும் பக்கத்தைத் தவிர்த்துச் சுற்றிப் போனேன். பங்சர் போடக்கூட வேறு கடைக்குப் போனேன். 2022இல் காவெண்டிஷை அணி தூருக்கு எடுக்கவில்லை. 2023இல் அஸ்தானா அணிக்கு மாறி, இதுதான் கடைசி வருடம் என்று அறிவித்தார். அந்த ஜூலையில் போர்தோவில் இரண்டாவதாக வந்தார். மறுநாள் விழுந்து காறை எலும்பு முறிந்தது. முதன்முறையாக, அந்தச் செய்தியை நான் யாருக்கும் அனுப்பவில்லை. அணியின் தலைவர் வினோகுரோவ் இன்னொரு வருடம் இரு என்று கேட்டார். அவர் இருந்தார்.

2024இல் முதல் நாள் ஃபிளாரன்ஸிலிருந்து ரிமினிக்கு 206 கிலோமீட்டர். இத்தாலிய வெயில். முதல் மேட்டிலேயே கூட்டத்தைவிட்டுப் பிந்தி, சைக்கிள்மேல் இருந்தபடியே வாந்தி எடுத்தார். அணித் தோழர்கள் பின்தங்கி அவரோடு ஓட்டினார்கள். ஏறக்குறைய 40 நிமிடம் பிந்தி, கால அவகாசத்துக்குள் கோட்டைத் தாண்டினார். அன்றைக்குத் தொலைக்காட்சி முன் நான் அவருக்காக வேண்டிக்கொண்டேன். இதை எழுத எனக்குக் கூச்சமில்லை. நான்கு நாள் கழித்து, ஜூலை 3 அன்று சேன்-வுல்பா ஊரில், ஒரு சக்கரத்தின் மறைவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, இடைவெளி கிடைத்ததும் வெளியே பாய்ந்தார். யாஸ்பர் பிலிப்சன் இரண்டாவது. காவெண்டிஷுக்கு அப்போது வயது 39. மெர்க்ஸ் தன் கடைசித் தூர் கட்டத்தை வென்றபோது 30. எண் 35 ஆயிற்று. நவம்பரில் சிங்கப்பூரில் கடைசிப் பந்தயம் ஓட்டி, அதையும் ஜெயித்துவிட்டு இறங்கினார்.

சேன்-வுல்பா முடிந்த அந்த வாரத்திலேயே அண்ணன் கடைக்குப் போனேன். ஸ்டாண்டில் ஒரு சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. பெயரை அடித்தது நான்தான், டாக்டர் கதை நான் கட்டியது, பொறாமையில் செய்தேன் என்று சொன்னேன். அவர் சக்கரத்தைக் கையால் நிறுத்தினார்.

"தெரியும் தம்பி. மறுநாளே சொல்லிட்டாங்க. எந்த டாக்டர்னு எங்கிட்டயே கேட்டாங்க."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை.

"நான் ஜெயிச்சிருப்பேன்னு சொல்ல வரல. எட்டாவதா வந்திருப்பேன், பத்தாவதா வந்திருப்பேன். முடியலன்னு எனக்கே தெரிஞ்சிருந்தா நிம்மதியா கடையைப் பார்த்திருப்பேன். அதைத் தெரிஞ்சுக்க விடாம பண்ணிட்ட. இப்ப என் இடுப்பு அன்னிக்கு இருந்த மாதிரி இல்ல."

அவர் குரலை உயர்த்தவில்லை. கோபம் இருந்தது, நியாயமான கோபம். நான் நின்றுகொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கம்பிச் சாவியைக் கையில் எடுத்தபடி, சம்பந்தமே இல்லாததுபோல் பேசினார்.

"உங்க பந்தயத்துல கோடு போடற இடம் தப்பு. வளைவு முடிஞ்சு நூறு மீட்டர்ல கோடு போட்டா பசங்க வளைவுலயே முட்டிக்குவாங்க. குறைஞ்சது முன்னூறு மீட்டர் நேர் ரோடு வேணும். எத்தன வருஷமா யாரும் பார்க்கலியா?"

அடுத்த குழுக் கூட்டத்தில் எழுந்து, 2020இல் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். சிலர் என்னோடு இப்போது பேசுவதில்லை. பெயர் பதிவு வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். கோட்டை அண்ணன் சொன்ன இடத்துக்குத் தள்ளினோம். அவர் ஓட்ட வரவில்லை; வருவார் என்று எதிர்பார்க்கும் உரிமை எனக்கு இல்லை.